கந்தளாய்க் குளக்கட்டும் அதன் காப்பும்

திருகோணமலையினின்றும் தென்மேற்கே ஏறக்குறைய 25 மைல் தொலைவிற் கந்தளாய்க் குளம் அமைந்துள்ளது. ஓர் இலட்சம் ஏக்கரடிக்கு மேற்பட்ட நீரை அதன் கட்டு தாங்கி நிற்கின்றது. கட்டின் நீளம் ஏறக்குறைய 14,000 அடி. உயரம் 50 அடி. இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பை எதிர்த்து நிற்பது கல்லன்று. மனிதர் சுமந்து கொட்டி இறுக்கிய மண்ணே.

இக்குளத்தைக் கட்டினான் யார் என்பதில் இருவேறு மரபுகள் உள. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனே இதனை அமைத்தானென்பது ஒரு மரபு. பின்னர்ப் பராக்கிரமபாகு இதனைத் திருத்திப் பெருக்கினான் என்பர். திருக்கோணேச்சரத்தின் வரலாறு கூறும் கோணேசர் கல்வெட்டோ குளக்கோட்டு மன்னனின் பணியாக இதனைப் போற்றுகின்றது. சோழராட்சிக் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் கந்தளாயை ஒரு சதுர்வேதிமங்கலமாகக் காட்டுகின்றன. கட்டியவன் பெயர்பற்றி அறிஞர் வாதிடும் அளவிற்கு, அதனை அழியாமற் காத்தவர்களைப்பற்றி எவரும் வாதிடுவதில்லை. ஆயினும் ஒரு மண்கட்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பது கட்டியவனால் மட்டுமன்று.

குளத்தின் பயன் அந்நாட்டின் மழையமைதியிலிருந்து பிறப்பது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் சில மாதங்களுள்ளேயே ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்களில் நிலம் வறண்டு வெடிக்கும். மாரியில் வருவதை மறித்து வைத்துக் கோடையில் வழங்கினாலன்றிச் சிறுபோகம் என்பது இல்லை. மழை பின்தங்கிய ஆண்டிற் பெரும்போகமும் ஐயத்திற்குரியது. அயலிற் பெய்யும் மழையை மட்டும் கந்தளாய் நம்பியிருக்கவுமில்லை. அம்பன் கங்கையின் நீர் எலகெர வாய்க்காலால் மின்னேரியாவை அடைந்து, அங்கிருந்து கவுடுல்லை வழியாகக் கந்தளாயை எய்துமாறு முன்னோர் தொடுத்துவைத்தனர். இக்காலத்தில் வயலுக்கு மட்டுமன்றித் திருகோணமலை நகரத்தின் குடிநீருக்கும் இக்குளமே ஆதாரமாயிற்று.

மண்கட்டை நீர்புகாத சுவரென எண்ணுதல் தவறு. எவ்வளவு இறுக்கிய மண்ணாயினும் அதனூடே நீர் மெல்ல ஊறி மறுபக்கத்து அடிவாரத்தை நோக்கிச் சென்றுகொண்டே இருக்கும். கசிவு தன்னளவிற் குற்றமன்று. கசியும் நீர் மண்ணையும் உடன்கொண்டு செல்லத் தொடங்குவதே குற்றம். அடிவாரத்தில் ஒரு மணல் பெயர்கின்றது. பெயர்ந்த இடத்தில் நீரின் வழி சிறிது குறுகி அதன் விசை கூடுகின்றது. அடுத்த மணல் இன்னும் எளிதிற் பெயர்கின்றது. இவ்வாறு வெளிப்பக்கத்திலே தொடங்கிய துளை கட்டின் உடலினூடே பின்னோக்கி வளர்ந்து குளத்து நீரை எட்டுகின்றது. அதுவரை ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை அதன்பின் மணிக்கணக்கில் முடிந்துவிடும். இத்தனைக்கும் புறத்தே கட்டு முன்போலவே புல் மூடித் தோன்றும். மண்ணணைகளின் அழிவுக்கு இதுவும், நீர் கட்டின் மேலாக வழிதலுமே தலையாய இரு காரணங்கள்.

இவ்வுள்ளரிப்புக்கு இடங்கொடுக்கும் இடங்கள் சில உள. முள்ளம்பன்றியும் உடும்பும் தோண்டிய வளைகள், கறையான் புற்றுகள், வெட்டிய மரத்தின் வேர் உள்ளே உக்கி விட்டுச்சென்ற வெற்றிடங்கள் ஆகியன அவை. கட்டின்மேல் வளர்ந்த மரம் நிழல் தருவதை எண்ணி அதனை விட்டுவைப்பவர் பலர். அதன் வேர் மண்ணுள் எவ்வளவு ஆழஞ் சென்றதென்பதை எண்ணுவார் சிலரே. இவற்றினும் அஞ்சத்தக்கது துருசு. கல்லாற் கட்டிய துருசின் வாய்க்கால் மண்ணைக் குறுக்கே ஊடுருவிச் செல்கின்றது. கல் தாழாது, மண் காலந்தோறும் தாழும். ஆகவே அவ்விரண்டும் பொருந்துமிடத்திற் சிறு இடைவெளி உண்டாகின், நீர் தேடிய வழி அதற்குக் கிடைத்துவிடும்.

பண்டைக் குளங்களை அமைத்தோர் இதனை அறியாதவரல்லர். துருசினுள் நீர் புகுமுன் அதன் விசையைத் தணித்து அளவாக விடுதற்கென அவர்கள் அமைத்த சதுரக் கிணறு 'பிசோகொட்டுவ' எனச் சிங்களத்தில் வழங்கும். ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் இதன் பயனை ஆராய்ந்து வியந்து எழுதினார். கட்டின் நீர்ப்பக்கத்தை அலை அரியாவண்ணம் கல்லடுக்கினர். மிகுந்த நீர் கட்டின்மேல் ஏறாது ஒருபுறமாக வெளியேற வான் அமைத்தனர். வான் போதாதாயின் கட்டின் உறுதியாற் பயனில்லை. மண்ணின்மேல் நீர் வழியத் தொடங்கினால் அது கரைந்துபோகச் சில நாழிகையே போதும். 1957 டிசெம்பர் வெள்ளத்தில் ஈழத்தின் வறண்ட பகுதிக் குளங்கள் பல உடைப்பெடுத்தமையை அறிந்தோர் இதனை நன்குணர்வர்.

கந்தளாய்க்கு நேர்ந்த கேடோ வேறு வகையினது. 1986 ஏப்பிரல் 20 ஆந் தேதி, விடிவதற்கு முன் 3 மணியளவில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது கட்டு உடைந்தது. இறந்தோர் தொகையை 120 முதல் 180 வரை எனப் பலவாறு கூறுவர். 1,600 வீடுகளுக்கு மேல் அழிந்தன. ஏறக்குறைய 2,000 ஏக்கர் நெல்வயல் பாழாயிற்று. மிகுபாரமான ஊர்திகள் கட்டின்மேற் செலுத்தப்பட்டமை இவ்வுடைவுக்கு ஒரு காரணமென எடுத்துக் கூறப்பட்டது. மாட்டுவண்டிக்கு மேற்பட்ட பாரம் எதனையும் அறியாத காலத்து மண்ணின்மீது இருபதாம் நூற்றாண்டின் பாரங்கள் ஏற்றப்பட்டன. பழைய கட்டு வழுவியது என்று சொல்லுதல் எளிது. அதன்மேல் எதனை ஏற்றலாம், எதனை ஏற்றலாகாது என வினவாதார் வழுவையும் சேர்த்துச் சொல்லுதலே நேர்மையாகும்.

முதுமையே அணைக்குக் கேடு எனக் கொள்வார்க்கு மறுமொழி அமெரிக்காவிலே கிடைக்கும். ஐடஹோ மாநிலத்தில் 300 அடிக்கு மேல் உயர்ந்த தீற்றன் அணை, புத்தறிவியல் முறைப்படி கட்டி முடிந்த உடனே, முதன்முறை நீர் நிறைக்கும்போதே 1976 யூன் 5 ஆந் தேதி உடைந்தது. பதினொருவர் இறந்தனர். அங்கும் உள்ளரிப்பே கருவியாயிற்று. அன்று காலையிற் கசிவு கண்ணுக்குப் புலனாயிற்று; நண்பகலுக்குள் அணை இல்லை. பகற்பொழுதாயிருந்தமையாலும் முன்னறிவித்தல் செய்யப்பட்டமையாலும் பல்லாயிரவர் உயிர் தப்பினர். கந்தளாய் மக்களுக்கு அத்தகைய பகலொளி வாய்க்கவில்லை.

பண்டு குளக்கட்டைப் பேணுதல் குடிகளின் கடமையாயிருந்தது. இராசகாரிய முறையால் ஆண்டுதோறும் இன்னார் இவ்வளவு மண் இடவேண்டும் என்ற வரையறை இருந்தது. அம்முறையிற் கொடுமையும் கலந்திருந்தது மெய்யே. கோல்புறூக் விசாரணையின் பயனாக 1832 இல் அது ஒழிக்கப்பட்டபோது, கொடுமையோடு குளம் பேணும் வழக்கமும் ஒருங்கே போயிற்று. அதனால் நேர்ந்த சீர்கேட்டைக் கண்ட அரசு 1856 இல் நீர்ப்பாசனச் சட்டமொன்றியற்றிப் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது. கந்தளாய்க் குளம் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் புதுக்கப்பட்டது. 1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியபின் பெருங்குளங்களின் பொறுப்பு ஊரவர் கையினின்றும் அலுவலர் கைக்கு மாறியது. ஊரவனுக்குக் கட்டின்மேல் இருந்த கண் அதனோடு மங்கியது. அலுவலரோ பல குளங்களுக்கு ஒருவர்.

1986 க்குப் பின் கந்தளாய்க் கட்டு மீளக் கட்டப்பெற்றுக் குளம் மீண்டும் நிறைந்தது. 2008 இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் நாட்டின் பெரிய அணைகள் முப்பத்திரண்டை முதற்கண் எடுத்துத் திருத்த முற்பட்டது. கட்டினுள் ஊறும் நீரின் மட்டத்தை அளக்கும் குழாய்களும் கசிவை அளக்கும் சிறு தடுப்புகளும் இத்தகைய கட்டுகளுக்கு இன்றியமையாத கருவிகள். ஆனால் அவற்றைப் பார்த்துக் குறித்துவைக்கும் ஆள் இல்லாவிடத்துக் குழாய் வெறும் குழாயே.

குளம் நிறைந்திருக்கும் நாளிற் கட்டின் அடிவாரம் நெடுகிலும் நடந்து செல்லும் ஒருவன் காணவேண்டியன மிகப் பலவல்ல. கட்டின் தலைப்பில் நீளவாட்டான வெடிப்போ தாழ்வோ உளதா. சரிவு எங்கேனும் பிதுங்கியுளதா. சென்ற ஆண்டு உலர்ந்திருந்த இடம் இவ்வாண்டு ஈரமாயுளதா. துருசின் வாயருகே நீர் ஊற்றுப்போற் கொப்புளிக்கின்றதா. ஊறும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பார்க்கவேண்டும். அது தெளிந்திருப்பின் அளவைக் குறித்துக்கொண்டு மேலே நடக்கலாம். கலங்கியிருப்பின் மேலதிகாரிக்கு ஓலை போக்கி மறுமொழிக்குக் காத்திருத்தலாகாது. துருசைத் திறந்து குளத்து நீரைச் சிறுகச் சிறுகக் குறைத்தலும், பொழுது எதுவாயினும் கட்டின் கீழ் உறங்குவோரை எழுப்புதலும் உடனே செய்தற்குரியன.