பேரனின் முதல் வேட்டை

சென்ற தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஆறாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை என்று பதிவேடு சொல்லிற்று.

"எங்கேடா அவன்?" என்றேன்.

"தாத்தாவோட வேட்டைக்குப் போயிருக்கான், சார்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாயிருக்கிறது.

எங்கள் பள்ளிக்கூடம் கும்மிடிப்பூண்டிக்கு அருகே இருக்கிறது. வாசலில் நின்று ஒரு புறம் பார்த்தால் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளும் புகைபோக்கிகளும். மறுபுறம் பார்த்தால் வயலும் ஏரிக்கரையும் பனைமரங்களும். இந்த இடத்தில் வேட்டையாட என்ன இருக்கிறது என்று நேயர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

மறுநாள் காலையில் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு தாத்தா வந்து நின்றார். இருளர் குலத்துப் பெரியவர். மெலிந்த தேகம், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி.

"அவனை அடிக்காதீங்க, வாத்தியாரே. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அறுப்பு முடிஞ்சா ரெண்டு மூணு வாரந்தான். அப்புறம் உழுதுடுவாங்க. காட்டிக் குடுக்க வளை இருக்காது."

"பெரியவரே, பள்ளிக்கூடம் வேண்டாமா?" என்றேன்.

"வேணும். அதுவும் வேணும், இதுவும் வேணும். சனிக்கிழமை நீங்களும் வந்து பாருங்க."

வேட்டை என்றவுடன் நம்முடைய மனம் மானையும் புலியையும் நினைக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த சிகார்க் கதைகள் செய்த வேலை அது. துரை துப்பாக்கியோடு நிற்பார். காலடியில் மிருகம் கிடக்கும். படத்தின் ஓரத்தில் கந்தல் துணியோடு இரண்டு பேர் நிற்பார்கள். அந்த இரண்டு பேருக்குப் பெயர் இராது. தடம் பார்த்து, காற்றுப் பார்த்து, துரையை மிருகத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அவர்களே. கென்னத் ஆண்டர்சன் ஒருவர் மாத்திரம், காட்டை தமக்குக் கற்பித்தவன் பைரா என்ற பூசாரி என்று புத்தகத்தில் எழுதி வைத்தார். மற்றவர்களுக்கு அந்த மனசு வரவில்லை.

எங்கள் ஜில்லாவில் வேட்டை புதிய விஷயமும் அல்ல. மேற்கே கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில், ராபர்ட் புரூஸ் பூட் 1863-இல் ஆதி மனிதரின் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

சனிக்கிழமை பொழுது விடியும் நேரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள ஒரு வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தாத்தா, ஆயா, பையனின் தாய்மாமன், பையன் ஆகிய நால்வரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். வயலுக்குச் சொந்தக்காரரே அழைத்திருந்தார். வேட்டைக்குரிய பிராணி எலி!

பட்டணத்து வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். வரப்பெலி கதிரைக் கடித்து அப்படியே வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சேமித்து வைக்கும். குடியானவனுக்கு அது தீராத நஷ்டம். மருந்து வைத்தால் எலியோடு ஆந்தையும் நாயும் சாகும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும் எலியைத் தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில்தான் வைத்தது.

முதல் ஒரு மணி நேரம் பையனுக்கு ஒரு கருவியும் கொடுக்கவில்லை. "வரப்பு மேல நட. எது வீடு, எது வெத்து வீடு, சொல்லு" என்றார் தாத்தா. பையன் ஒரு வளையைக் காட்டினான். "வாயைப் பாரு" என்றார். வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. உள்ளே எலி போய் வந்தால் வலை நிற்குமா? பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்ததில் புது மண் தள்ளியிருந்தது, உமியும் கிடந்தது. "இது வீடு." தாத்தா தலையை அசைத்தார்.

மூன்றாவது வளையின் அருகே போன பையன் தானாகவே நின்றுவிட்டான். புது மண் இல்லை. வாய் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. முன்னால் இருந்த புழுதியில் ஒரு மெல்லிய வளைகோடு. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. மாமன் விரலால் காட்டிய பிறகுதான் தெரிந்தது. "நல்ல பாம்பு" என்றார் அவர். பையன் ஏற்கனவே இரண்டடி பின்வாங்கியிருந்தான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆயாவைப் பார்த்தார், ஆயா அவரைப் பார்த்தாள். அந்த வளையைத் தொடாமல் அப்பால் நடந்தோம்.

பிறகுதான் வேலை ஆரம்பமாயிற்று. ஆயா ஒவ்வொரு மறுவாயிலாகத் தேடிக் களிமண்ணால் அடைத்துக்கொண்டே வந்தாள். மாமன் ஓர் எஃகுக் குடுவையில் வைக்கோலைத் திணித்து நெருப்பு மூட்டி, பக்கத்திலிருந்த கைச்சக்கரத்தைச் சுழற்றினார். புகை வளைக்குள் போயிற்று. முன்காலத்தில் இதற்கு மண்பானைதான். அடியில் துளையிட்ட பானையை வளையின் வாயில் வைத்து, அந்தத் துளையில் வாயை வைத்து ஊத வேண்டும். தாத்தா தம் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார், சூட்டுத் தழும்புகள். "உதடும் வெந்து போவும். நெஞ்சுல புகை நிக்கும்" என்றார். இந்தக் கைச்சக்கரக் கருவியை எங்கள் ஜில்லா இருளருக்குச் செய்து கொடுக்கும் திட்டத்துக்கு 2003-இல் உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசு கிடைத்தது. பெரிய பெரிய யந்திரங்கள் செய்யும் தொழிற்பேட்டைகள் பக்கத்திலேயே இருக்க, இந்தச் சிறு சக்கரம் வருவதற்கு அத்தனை காலம் ஆயிற்று!

கடைசி வாயிலில் பையனை உட்கார வைத்திருந்தார்கள். முதல் எலி அவன் விரலிடுக்கில் நழுவி ஓடிவிட்டது. இரண்டாவது அகப்பட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே திகைத்து உட்கார்ந்திருந்தான்.

"வச்சுக்கிட்டு நிக்காதே. அதைப் பயத்தில வைக்கக்கூடாது. சீக்கிரம்" என்றார் தாத்தா, மிகவும் மெதுவாக.

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காட்டிக் கொடுத்தபடி செய்து முடித்தான். ஒருவரும் கை தட்டவில்லை, சபாஷ் சொல்லவில்லை. ஆயா அவன் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வெகு நேரம் அவன் பேசவில்லை.

வளையைத் தோண்டியபோது உள்ளறையில் கதிர்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உதறி அளந்தால் இரண்டு படி நெல் தேறும். எலியும் அந்த நெல்லும்தான் அன்றைய சோறு.

நிழலில் உட்கார்ந்தபோது பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "தாத்தா, நீ மான் புடிச்சிருக்கியா?"

பெரியவர் சத்தியவேட்டுப் பக்கத்துக் காட்டைப் பற்றிச் சொன்னார். 1960-இல் ஆந்திராவோடு சேர்ந்த பகுதி அது. சிறு பையனாக அவர் தம் தாத்தாவோடு அங்கே போயிருக்கிறார். மான் தண்ணீர் குடிக்க வரும் தடத்தை அவருடைய தாத்தா காட்டினாராம். "நான் வலையைத் தூக்கிட்டு நின்னதுதான். அப்புறம் சட்டம் வந்துடுச்சு. மானைத் தொட்டா ஜெயில்." வருத்தமாகச் சொன்னாரா என்றால், இல்லை. "மான் கொஞ்சந்தான் இருக்கு, இருக்கட்டும்" என்றார்.

சட்டம் நியாயமானதே. ஆனால் காட்டை அழித்தவர்கள் இருளர்கள் அல்லர். காட்டின் கதவு மூடப்பட்டபோது வெளியே நின்றவர்கள் மாத்திரம் அவர்கள். 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. அவர்களில் பலருக்கு அதுதான் ஜீவனம். 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இருக்கிறது. சர்க்கார் அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடியும் வெளியே விட்டுவிடுகிறார்கள். நம் தேசத்துப் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதி இப்படிக் கிடைப்பதே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் இந்தத் தொழிலின் அருமை தெரியும்.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க நிபுணர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்த வித்தையை எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? தகப்பனுக்கும் பாட்டனுக்கும் பின்னால் வரப்பில் நடந்து படித்ததுதான்.

அங்கேதான் எங்கள் ஊர்ச் சிக்கல் இருக்கிறது. பையனின் தகப்பன் ஏன் கற்றுக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். பெரியவர் சற்று நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். ஓர் அரிசி ஆலையில் வாங்கிய சொற்பக் கடனுக்காகக் குடும்பம் முழுவதும் பல வருஷம் அடைபட்டுக் கிடந்ததாம். கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது 1976-இல். இவர்களுக்கு அது வந்து சேர்ந்தது வெகு காலம் பின்னால். "அவன் ஆலைக்குள்ளயே வளர்ந்தான். நெல் காயப் போடத் தெரியும். தடம் தெரியாது" என்றார். அந்த மகன் இப்போது தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலி. ஒரு தலைமுறை அறுந்துவிட்டது. பாட்டனுக்கு மூச்சு இருக்கும்போது பேரன் நடந்தால்தான் உண்டு.

பையன் ஆறாம் வகுப்பைத் தாண்டவேண்டும் என்பதில் எனக்கு விட்டுக் கொடுப்பே இல்லை. படிப்பு இல்லாத குடும்பத்தைக் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி எப்படி அடைக்கலாம் என்பதை அந்த ஆலைக்காரன் நன்றாக அறிந்திருந்தான். ஆனால் அறுப்புக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டு, சோம்பேறிகள் என்று முடிவு கட்டுகிறோமே, அதை இனி என்னால் செய்ய முடியாது. தலைமையாசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன். "விதியில் இடமில்லை" என்றார். இருக்கலாம். அதனால் பெரியவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன்: வேட்டை சனி, ஞாயிறு மட்டும், வாரநாளில் தவறிப்போன பாடத்தை மாலையில் நான் சொல்லிக் கொடுப்பது.

புறப்படும்போது ஆயா ஒரு கை நெல்லை என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். பையன் அந்த நாகத்தின் வளைப் பக்கமாக மறுபடியும் போய், தூர நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடா, அது வெயில் ஏறினா வெளியே வராது" என்று கூப்பிட்டார் தாத்தா. "அடுத்த சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போவலாம்."