ஓதுதலும் ஓர்தலும்

போடிநாயக்கனூரின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் நாள்தோறும் காணும் காட்சி இது. போடிமெட்டு வழியே மலைச்சரிவுகளிலிருந்து வந்திறங்கும் காய்களைச் சல்லடையிட்டுப் பருமன் பிரிப்பார்கள். வெடித்ததையும் வெளுத்ததையும் பெண்கள் பொறுக்கி ஒதுக்குவார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு நல்ல மதிப்பு உண்டு. எனினும், தேர்ந்த வணிகர் நிறத்தை மட்டும் கண்டு மயங்கிவிடமாட்டார். ஒரு காயை உரித்து, உள்ளிருக்கும் அரிசியை மென்று பார்த்த பின்னரே விலை சொல்வார். மணம் அரிசியில் அன்றோ இருக்கிறது!

நூலைப் படிப்பதும் இத்தகையதே. இதனை நான் என் பிழையால் கற்றேன்.

மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம். விடுமுறையில் ஊர் வந்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. சீன நாடு வரை சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்னும் புகழ்பெற்ற வாசகத்தை நபிமொழி என்று முழங்கினேன். கேட்டோர் மகிழ்ந்தனர். மதரஸா திரும்பியதும் என் ஆசிரியரிடம் பெருமையுடன் கூறினேன்.

"அறிவித்தவர் யார், தம்பி?" என்றார்.

"ஒரு புத்தகத்தில் படித்தேன், ஹஜ்ரத்."

"புத்தகத்தில் இருப்பதெல்லாம் நாயகம் (ஸல்) சொன்னதாகிவிடுமா?"

ஹதீஸ் கலை மேதை இப்னுல் ஜவ்ஸீ (ரஹ், மறைவு கி.பி. 1201), இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த தம் நூலில் இதனையும் சேர்த்துள்ளார் என்று அன்றிரவு அறிந்தேன். பலவீனமானது என்ற அளவில் நிறுத்திக்கொண்ட அறிஞர்களும் உளர். கல்வியைப் புகழச் சென்ற நானே கல்லாதவனாய் நின்றேன். கருத்து நல்லது என்பதால் மட்டும் அது நபிமொழியாகிவிடாது. தம் பெயரால் வேண்டுமென்றே பொய்யுரைப்போருக்கு நரகமே இருப்பிடம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49ஆவது அத்தியாயம் 6ஆவது வசனம் பணிக்கிறது.

மதரஸாக்களில் 'முதாலஆ' என்றொரு பழக்கம் உண்டு. மறுநாள் பாடத்தை முந்தின இரவே மாணவர் தாமாகப் படித்து, விளங்கியது எது, விளங்காதது எது எனப் பிரித்து வைப்பதே அது. உதுமானிய சுல்தானின் தலைமை வானியலறிஞராக இருந்த அஹ்மத் தேதே, இவ்வாறு ஆழ்ந்து படிக்கும் முறையைப் பற்றியே 1691ஆம் ஆண்டு மக்காவில் ஒரு நூல் எழுதினார். நூலாசிரியர் கூற வருவதை முதலில் முழுமையாக விளங்கிக்கொள்ளவேண்டும். பின்னரே அவர் காட்டும் ஆதாரத்தை எடைபோட வேண்டும். ஐயம் எழுந்தால் அதற்கு விடை உண்டா எனத் தேடவேண்டும். இதுவே அம்முறையின் சாரம்.

இவ்வரிசையை மாணவர்கள் மறத்தலாகாது. விளங்காமலே மறுப்பது அகந்தை. ஆராயாமலே ஏற்பது சோம்பல்.

இன்று நம் பிள்ளைகளின் செல்பேசிக்கு 'நபிமொழி' என்ற தலைப்புடன் எத்தனையோ வாசகங்கள் வருகின்றன. ஒன்றைப் பிறருக்கு அனுப்புமுன், "எந்த நூலில் உள்ளது? யார் அறிவித்தார்? அறிஞர் என்ன கூறினர்?" என்று அவர்கள் கேட்கட்டும். பெற்றோரே, அக்கேள்விகளைக் கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். காயை உரித்துப் பார்ப்பவர் ஏலத்தை இகழ்பவர் அல்லர்; அதன் மணத்தை மதிப்பவர்.

அத்தகைய பயனுள்ள கல்வியை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.