கொதிக்கும் கார்: கோளாறு எங்கே?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் பழைய கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்துடன் ஒருவர் அருகில் நிற்பார். கேட்டால், "ரேடியேட்டர் கொதிக்கிறது" என்பார். காய்ச்சல் கண்டவரைப் போலத்தான் இதுவும். காய்ச்சல் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டியவர். அவருடைய வலது முன்கையில் ஓர் அகலமான தழும்பு உண்டு. சவாரிக்கு நேரமாகிவிட்டதே என்று, கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்த நாளின் அடையாளம் அது. அவருடைய 1984-ஆம் ஆண்டு அம்பாசடர் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற கோடையில் அது மறுபடியும் மலைப்பாதையில் கொதிக்கத் தொடங்கியது. பட்டறை ஒன்றில், "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், வகுப்பில் நடத்தும் வெப்பவியலை வண்டியிடமே ஒரு முறை கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரங்களை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. ஏறக்குறைய அதே அளவு, எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது. இதை எண்களால் பார்ப்போம். ஐந்து பேருடன் வண்டியின் எடை 1,500 கிலோ என்று கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற்றம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் 2 கோடியே 20 லட்சம் ஜூல் தேவை. தண்ணீருக்கும் அதே அளவு வெப்பம் போகும் அல்லவா? ஒரு மணி நேரத்தில் மலையேறினால் அது நொடிக்கு ஆறாயிரம் ஜூல், அதாவது 6 கிலோவாட். வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ஒன்றரைக் கிலோவாட் மின்கம்பிகள் நான்கை ரேடியேட்டருக்குள் போட்டதற்குச் சமம். உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் ஆகும் கணக்கு இதில் சேரவில்லை. இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது முகப்பில் மோதும் காற்றும் குறைவு. ஆக, வரவு கூடுகிறது, செலவு குறைகிறது.

இனி அந்த மூடியைக் கவனியுங்கள். அது வெறும் மூடியன்று. உள்ளே சுருள்வில் பொருத்திய ஒரு தடுக்கிதழ் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அரை வளிமண்டலம் கூடுதலாகும் வரை அது திறக்காது என்று கொள்வோம். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் இதனால் 111 டிகிரிக்குப் பிறகுதான் கொதிக்கும். ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்; மூடியின் உதவியால் அங்கும் சுமார் 107 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போயிற்று. மலையேறும் முன் முதலில் பார்க்க வேண்டியது, மிகக் குறைந்த செலவில் மாற்றக்கூடிய இந்த வளையத்தைத்தான்.

தந்தையாரின் கையைச் சுட்டதும் இதே இயற்பியல்தான். 110 டிகிரியில் அடைபட்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது. தண்ணீர் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிச்சமாகும் 10,000 கலோரி, கிராமுக்கு 540 கலோரி வீதம் பதினெட்டு கிராம் தண்ணீரை நொடியில் ஆவியாக்குகிறது. பதினெட்டு கிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த ஆவியின் கன அளவு 30 லிட்டர்! அது கொதிநீரையும் சேர்த்து வாரிக்கொண்டு மேலே பாய்கிறது. ஈரத்துணியைப் போட்டுத் திறந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல் குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் வரை காத்திருங்கள். குளிர்ந்த நீரை உடனே ஊற்றுவதும் ஆகாது. சூடான வார்ப்பிரும்பு சீரற்றுச் சுருங்கி வெடித்துவிடக்கூடும்.

கோளாறைக் கண்டுபிடிக்க, 'எப்போது கொதிக்கிறது?' என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

சந்தை நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வெட்டவெளியில் ஓடினால் ஆறிவிடுகிறதா? விசிறியைச் சந்தேகியுங்கள். அம்பாசடரில் விசிறி, தண்ணீர்ப் பம்பு, டைனமோ மூன்றையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அது தளர்ந்து வழுக்கினால் பேட்டரிச் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரியக்கூடும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கலாம்; அதற்கு மேல் கூடாது. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறி, மேல் குழாய் மட்டும் குளிர்ந்தே இருக்கிறதா? தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். கழற்றி, வெப்பமானியுடன் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தால், 80 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக அது வாய் திறப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஹெட் கேஸ்கட் பழுதுக்கு வேறு சாட்சிகள் உண்டு. குளிர்ந்த எஞ்சினை, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இயக்கினால், ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வரும். ஆயில் மோர்போல வெளுத்திருக்கும். எங்கும் ஒழுக்கில்லாமலே தண்ணீர் குறைந்துகொண்டு வரும். எங்கள் வண்டியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

சமவெளியில் அதன் முள் அசையவில்லை. ஏற்றத்தில் மட்டுமே ஏறியது. ஓரமாக நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மெல்ல இறங்கியது. விசிறி, பம்பு இரண்டும் சரியாகவே இருந்தன. ரேடியேட்டர்தான் பெருஞ்சுமையைத் தாங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அதன் முகப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை நான்கு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை குளிர்ந்து கிடந்தது. அந்தக் குழல்களில் தண்ணீரே ஓடவில்லை!

காரணம், பல ஆண்டுகளாக நாங்கள் ஊற்றிய ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் படிவு, ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு தரும் தடையைத் தரும். குழலையே அடைத்துவிட்டாலோ கேட்க வேண்டியதில்லை. ரேடியேட்டர் வேலை செய்பவர் மேல்தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழலிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். பட்டறை கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது காய்ச்சி வடித்த நீருடன் கூலண்ட் கலந்து ஊற்றுகிறேன். அது துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது.

இன்னொன்றையும் அன்றுதான் பார்த்தேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது! கொதிக்கிறது என்று வந்த வண்டியில் யாரோ அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். பல பட்டறைகளில் இது வழக்கம். அது இல்லாவிட்டால் குளிர்காலக் காலையில் எஞ்சின் சூடாக வெகுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் வீணாகும், சிலிண்டரும் தேயும். புதியது ஒன்று வாங்கிப் பொருத்தினேன். அடுத்த வாரமே தந்தையாரை முன்னிருக்கையில் உட்காரவைத்துக் குன்னூருக்கு ஏறினோம். வழிநெடுகிலும் அவர் மலையைப் பார்க்கவே இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.