பாம்பைக் கண்டு அஞ்சும் மனம்

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அதன் உண்மையைத் தோட்டத்தில் வாழும் நாம் நன்கு அறிவோம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரப்பர் மரம் சீவச் செல்பவரின் காலருகே ஏதோ ஒன்று வளைந்து கிடக்கிறது. அது என்னவென்று எண்ணிப் பார்க்குமுன்பே கால் பின்வாங்கிவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. குனிந்து நோக்கினால் அது வெறும் காய்ந்த கொடி! கயிற்றைப் பாம்பென்று மயங்கும் இந்நிலையைக் 'கயிற்றரவு' என்று பெயரிட்டு, நம் நாட்டுத் தத்துவ ஆசிரியர்களும் பன்னெடுங்காலமாக உவமை காட்டி வந்துள்ளனர்.

அறிவு முடிவு செய்யுமுன்பே உடல் முடிவு செய்துவிடுவது எவ்வாறு? இவ்வச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், நம் மனத்தின் இயல்பை மட்டுமன்றி அதன் குறைபாடு ஒன்றையும் அறிந்துகொள்ளலாம். அதனை அறிவது நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உயிர்காக்கும் பயனுடையதாகும்.

டார்வின் செய்த சோதனை

உயிரினங்கள் நெடுங்காலப் போக்கில் சிறிது சிறிதாக மாறி வந்துள்ளன என்னும் பரிணாமக் கொள்கையை விளக்கி 1859 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர், இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின். அவர் ஒருமுறை இலண்டன் விலங்குக் காட்சிசாலையில், நச்சுப் பாம்பு ஒன்று அடைக்கப்பட்டிருந்த தடித்த கண்ணாடியின்மீது தம் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டார். பாம்பு பாய்ந்தாலும் அசைவதில்லை என்று உறுதி பூண்டார். ஆயினும் பாம்பு பாய்ந்த அக்கணமே, ஓரிரு கஜத் தொலைவு பின்னால் துள்ளிவிட்டார். தாம் ஒருபோதும் பட்டறியாத ஆபத்தின்முன் தம் அறிவும் மனவுறுதியும் பயனற்றுப் போனதை, 1872 இல் வெளியிட்ட நூலில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்.

இதற்குக் காரணம் என்ன? மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, மரங்களில் வாழ்ந்த நம் மூதாதைய உயிர்களுக்குப் பாம்பு ஓயாத பகையாக இருந்து வந்தது. புல்லிடையே கிடந்த பாம்பை விரைந்து கண்டு விலகியவை பிழைத்தன, குட்டிகளை ஈன்றன. காணத் தவறியவற்றுள் பல மாண்டன. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவற்றின் இயல்பே வழிவழியாக நம்மை வந்தடைந்தது. கொடியைப் பாம்பென எண்ணித் துள்ளுவதால் ஒரு நொடியே வீணாகும். பாம்பைக் கொடியென எண்ணி மிதித்தாலோ உயிரே போகும். ஆதலால், தவறினாலும் அஞ்சும் பக்கமே தவறும்படி நம் மூளை அமைந்துள்ளது.

பாம்பை விரைந்து காணவேண்டிய தேவையே குரங்கினங்களின் கூரிய பார்வை வளர்ந்ததற்கு ஒரு காரணம் என்று, அமெரிக்க மானிடவியல் அறிஞர் லின் இஸ்பெல் 2006 இல் எடுத்துரைத்தார். இக்கருத்தை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும், 2013 இல் அவரும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் வெளியிட்ட ஆய்வொன்று அதற்கு வலுவூட்டியது. பாம்பையே கண்டறியாமல் வளர்ந்த குரங்குகளுக்குப் படங்களைக் காட்டினர். மூளையின் நடுப்பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள், முகம், கை முதலியவற்றின் படங்களைவிடப் பாம்பின் படத்திற்கே விரைவாகவும் வலுவாகவும் கிளர்ச்சியுற்றன.

அச்சம் பிறவியிலேயே வருவதா?

அவ்வாறாயின் குழந்தை பாம்பச்சத்தோடு பிறக்கிறதா என்று கேட்கலாம். ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பாம்பின் படத்தையும் மீனின் படத்தையும் காட்டி ஆராய்ந்து, 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். பாம்பைக் கண்டபோது குழந்தைகளின் கண்மணி அதிகமாக விரிந்தது. அஃதாவது மனம் விழிப்புற்றது. ஆனால் அவை அஞ்சி அழவில்லை.

விழிப்பு அச்சமாக மாறுவது எப்போது? அமெரிக்காவில் சூசன் மினேக்கா, மைக்கேல் குக் ஆகிய உளவியல் அறிஞர்கள் 1980 களில் இதனை ஆராய்ந்தனர். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. ஆனால் மற்றொரு குரங்கு பாம்பைக் கண்டு நடுங்குவதைச் சிலமுறை பார்த்ததும், அவையும் அஞ்சத் தொடங்கின. பின்னர் அறிஞர்கள் ஓர் உபாயம் செய்தனர். குரங்கு பூவைக் கண்டு நடுங்குவதுபோல் ஒளிநாடாவை மாற்றியமைத்துக் காட்டினர். குரங்குகள் பூவுக்கு அஞ்சக் கற்றுக்கொள்ளவே இல்லை!

இதிலிருந்து நாம் அறிவது யாது? பாம்பச்சம் முழுமையாகப் பிறவியில் வருவதன்று. முழுமையாகக் கற்பதால் வருவதுமன்று. பண்படுத்திய நிலம் போல் மனம் ஆயத்தமாக உள்ளது. மூத்தோரின் முகக்குறிப்பு அதில் விதையாக விழுகிறது. பழைய பகைகளுக்கு இந்நிலம் ஆயத்தமாக உள்ளது, புதியவற்றுக்கு அவ்வாறில்லை.

மனம் அறியாத புதிய ஆபத்துகள்

நமது மனத்தின் குறைபாடு இங்குதான் உள்ளது. மோட்டார் வாகனம் தோன்றி நூற்று நாற்பது ஆண்டுகளே ஆகின்றன. மின்கம்பியும் களைக்கொல்லியும் நேற்று வந்தவை. மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னே இவையெல்லாம் அந்தத் தூரக்கணக்கில் ஒரு கண்ணிமைப்பொழுது. இவற்றுக்கு அஞ்சும் இயல்பு மூளையில் படிவதற்குப் போதிய காலம் ஏற்படவில்லை.

உலகில் ஆண்டுதோறும் பாம்புக்கடியால் 81,000 முதல் 138,000 பேர் வரை இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. இது பெருந்துயரமே. ஆனால் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாள்வதாக அந்நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அப்படியிருந்தும், பாம்பின் படத்தைக் கண்டாலே கூசும் நாம், தலைக்கவசமின்றிப் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைக்குச் செல்லக் கூசுவதில்லை.

செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கழி, மேலே செல்லும் மின்கம்பியில் பட்டால் நொடியில் உயிர் போகும். ஆயினும் அக்கம்பி சீறுவதில்லை, படமெடுப்பதில்லை. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த களைக்கொல்லி, குழந்தையின் கண்ணுக்குக் குளிர்பானமாகவே தோன்றும். கொடிய நஞ்சாகிய பராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் மற்ற மருந்துகளையும் அவற்றுக்குரிய கலத்திலேயே பூட்டி வைத்தல் வேண்டும்.

அச்சமும் அறிவும்

பாம்பு விஷயத்திலும் அச்சம் மட்டும் போதாது. அச்சம் நம்மைப் பின்வாங்கச் செய்யும். அதன்பின் செய்யவேண்டியதைக் கற்பிக்காது. பதற்றத்தில் கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தீங்கையே விளைவிக்கும். கடிபட்டவரை அமைதியாகப் படுக்கவைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும். நச்சுமுறி மருந்து அங்குதான் உண்டு. பாம்பை அடிக்கத் துரத்தினால் மற்றொருவரும் கடிபட நேரலாம். நாகம் உமிழ்ந்த நஞ்சு கண்ணில் பட்டால், தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். செம்பனைப் பழத்தை அழிக்கும் எலிகளைத் தின்பதும் இப்பாம்புகளே என்பதையும் நாம் மறத்தலாகாது.

பெற்றோர்களே! பாம்பைக் கண்டு நீங்கள் திடுக்கிடுவதைப் பார்த்தே பிள்ளை அஞ்சக் கற்றுக்கொள்கிறது. அதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. ஆனால் தலைக்கவசம், மின்கம்பி, களைக்கொல்லி ஆகியவற்றைப் பற்றி மூதாதையர் நமக்கு எந்தப் பாடமும் விட்டுச் செல்லவில்லை. ஒருமுறை சொன்னால் போதாது. நாள்தோறும் சொல்லவும், செய்து காட்டவும் வேண்டும். தந்தை ஒவ்வொரு முறையும் தலைக்கவசத்தின் வாரை இறுக்குவதைக் காணும் பிள்ளை, தானும் அதனை இறுக்கும்.

இயற்கை பல கோடி ஆண்டுகளில் கற்பித்த பாடம் நம் குருதியில் உள்ளது. இயற்கை கற்பிக்காத பாடத்தை ஒரு தலைமுறைக்குள் கற்பிக்கும் ஆற்றலையும் அதே இயற்கைதான் மனிதனுக்கு வழங்கியுள்ளது. அவ்வாற்றலை நம் இல்லத்திலிருந்தே பயன்படுத்தத் தொடங்குவோமாக!