கதவு சாத்தப்பட்டபோது...

தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து எர்ணாகுளம் செல்லும் மட்டாஞ்சேரி அன்பர்கள் அன்றாடம் காணும் இடங்கள் இரண்டு. ஒன்று, வெல்லிங்டன் தீவில் கடற்படையின் கருடா விமானத் தளம். மற்றது, வெண்டுருத்திப் பாலத்திற்கு அப்பால் உயர்ந்து நிற்கும் கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் கிரேன். பிற நாடுகள் கதவைச் சாத்திவிட்டால் ஒரு நாட்டின் படைக்கலங்களும் மின்சாரமும் என்னவாகும்? இக்கேள்விக்கு இவ்விரு இடங்களும் தமிழகத்துக் கல்பாக்கமும் மூன்று வகையான விடைகளைத் தருகின்றன.

முதலில் விமானத் தளம். 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. நீர்மூழ்கிகளைத் தேடும் நமது ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் அதில் சிக்கின. அவற்றை நமக்கு விற்றது பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனம். பிரிட்டன் விற்றதற்கு அமெரிக்கத் தடை எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அதன் மூல வடிவம் அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்துடையது; பல பாகங்களுக்கு உரிமம் அங்கேதான். உதிரி வருவது தடைப்பட்டது, பறக்கக்கூடியவற்றின் எண்ணிக்கையும் குறைந்தது.

இத்தகைய நேரத்தில் ஒரு யந்திரத்தில் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது எங்கும் உள்ள வழக்கம். ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த எங்களுக்கு இது புதிதல்ல. இன்றைய வண்டி நேரத்திற்குக் கிளம்பிவிடும். கழற்றப்பட்ட வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கும். இது சிக்கனம் அல்ல, கடன். 2001 செப்டம்பரில் அத்தடைகளில் பெரும்பாலானவை நீங்கின. ஆனால் வாங்கும்போது விற்பவரை மட்டும் பார்த்தால் போதாது, அவருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடம் நின்றது.

இனி கப்பல் தளம். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேண்டிய எஃகு ரஷ்யாவிலிருந்து வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள், அது கைகூடவில்லை. போர்க்கப்பல் எஃகு சாதாரணத் தகடு அல்ல. குண்டுவெடிப்பின் அதிர்ச்சியிலும் கடுங்குளிரிலும் விரிசல் ஓடாமல் தாங்க வேண்டும். வெல்டிங் செய்த இடமும் அதே உறுதியுடன் இருக்க வேண்டும். ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்புத்துறை உலோகவியல் ஆய்வகமும் இந்திய உருக்கு ஆணையமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற எஃகை உருவாக்கின. அதில் 'ஏ' வகை கப்பலின் உடலுக்கு, 'பி' வகை விமானங்கள் இறங்கும் மேல்தளத்திற்கு. பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து சுமார் 30,000 டன் வந்தது. 2009 பிப்ரவரியில் அடித்தளக் கட்டை நாட்டப்பட்ட கப்பல் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. இதற்குள் அந்த எஃகு வேறு போர்க்கப்பல்களுக்கும் பயன்பட்டுவிட்டது. ஒருமுறை பட்ட பாடு பலமுறை பலன் தந்தது! ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. விக்ராந்தை ஓட்டும் நான்கு எல்.எம். 2500 டர்பைன்களும் அமெரிக்க வடிவமைப்பே.

மூன்றாவது கல்பாக்கம். அங்குள்ள சோதனை அதிவேக ஈனுலை, 1969 ஒப்பந்தப்படி பிரான்சின் ராப்சோடி உலையை ஒட்டி அமைக்கப்பட்டது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் அதற்குரிய செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை. உலை இருக்கிறது, எரிபொருள் இல்லை! நம்மிடம் இருந்த புளூட்டோனியத்தைக் கொண்டு, 70 விழுக்காடு புளூட்டோனியம் கார்பைடும் 30 விழுக்காடு யுரேனியம் கார்பைடும் கலந்த எரிபொருளை பாபா அணு ஆய்வு மையத்தார் செய்தனர். காற்றும் ஈரமும் பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. அடைத்த பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் கையாள முடியும். 1985 அக்டோபர் 18 அன்று உலை உயிர்பெற்றது. எனினும் அது தனது முழுத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது 2022இல்தான்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். தனித்து நின்று சாதித்தோம் என்று மார்தட்டுவது எளிது. அதற்குக் கொடுத்த விலை காலம். உள்நாட்டு யுரேனியம் போதாமல் 2007, 2008ஆம் ஆண்டுகளில் நமது அணுமின் நிலையங்கள் ஏறக்குறைய பாதித் திறனில்தான் ஓடின. 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் நமக்கு விலக்கு அளித்த பிறகே நிலைமை சீரானது. கச்சா எண்ணெயோ எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாத பொருள். நமது தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் கப்பலில் வருகிறது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து அமைத்த சேமிப்பறைகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். நாடு முழுவதற்கும் பத்து நாள் கூடத் தாங்காது.

ஆகவே எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்பதும் சரியல்ல. காசு இருந்தால் எதையும் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் சரியல்ல. எஃகு போல அடிப்படையானதை நாமே செய்ய வேண்டும். எண்ணெய் போன்றதைச் சேர்த்து வைக்க வேண்டும். டர்பைன் போல இன்னும் கைவராததை ஒருவரிடம் மட்டும் கைகட்டி நின்று வாங்காதிருக்க வேண்டும். எது எந்த வகை என்று கதவு திறந்திருக்கும்போதே பிரித்துவைப்பதுதான் உண்மையான தற்காப்பு.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு என்ற பேச்சு வரும்போது கம்ப்யூட்டர் தவிர வேறு பேச்சில்லை. உலோகவியலும் வெல்டிங்கும் கூடப் படிப்புத்தான். கப்பல் தளத்தின் வாசல் நமக்கு இரண்டு பாலங்களுக்கு அப்பால்தான் இருக்கிறது.