பெட்ரோல் விலையும் அன்றாடப் பயணமும்

நம் நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் எண்பது விழுக்காட்டிற்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அதனுடன் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்தே பெட்ரோல் விலை அமைகிறது. மாநில வரி வேறுபடுவதால்தான் தில்லியில் ஒரு விலையும் அருகிலுள்ள நொய்டாவில் வேறொரு விலையும் உள்ளன. விலையை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

விலையேற்றம் வீட்டுச் செலவில் எவ்வாறு எதிரொலிக்கிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். நாள்தோறும் 40 கிலோமீட்டர் இருசக்கர ஊர்தியில் சென்றுவரும் அலுவலர், மாதத்தில் 25 நாள்களுக்கு 1000 கிலோமீட்டர் கடக்கிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியெனில் 20 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 5 ரூபாய் உயர்ந்தால் கூடுதல் செலவு 100 ரூபாய். உடன் பணியாற்றும் ஒருவரோடு ஒரே வண்டியில் சென்றால் ஆளுக்கு 10 லிட்டரே ஆகும். நானும் அவ்வாறே பள்ளிக்கு வருகிறேன். (தலைக்கவசம் மட்டும் இரண்டு வேண்டும்!)

வீடுவீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞரின் நிலை வேறு. நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் ஓட்டினால், அதே விலையுயர்வு அவருக்கு மாதம் 300 ரூபாய். அஃது ஏறத்தாழ ஒரு வாரப் பால் செலவு. வண்டியே தொழிலாதலின் அவர் அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள இயலாது. மெட்ரோ இரயிலுக்கும் மாற இயலாது. டயரில் காற்றைச் சரியாக வைத்திருக்கிறார். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறார்.