பட்டியலில் இல்லாத கணினி

அலுவலகக் கோப்புகள் இருக்கும் கணினி, விண்டோஸின் ‘நெட்வொர்க்’ பக்கத்தில் திடீரென்று காணாமல் போய்விடும். ஆனால் மேலே முகவரி இடத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அதன் ஐபி எண்ணைத் தட்டினால் கோப்புகள் எல்லாம் வந்து நிற்கும். யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதும், இருப்பவரோடு இணைவதும் இரண்டு தனி வேலைகள். முதலாவது படுத்துவிட்டாலும் இரண்டாவது ஓடும்.

பழைய விண்டோஸில் பட்டியல் போடுவதற்குத் தேர்தலே நடந்தது. கணினிகள் தங்களுக்குள் போட்டியிட்டு ஒன்றை ‘மாஸ்டர் பிரவுசர்’ ஆக்கும். சர்வர் இருந்தால் அதற்கே முன்னுரிமை. மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை தாங்கள் இருப்பதை அறிவிக்கும். மூன்று அறிவிப்புகள் தொடர்ந்து தவறினால்தான் பெயர் நீங்கும். வாக்காளர் பட்டியலில் இறந்தவர் பெயர் நீடிப்பதுபோல, திடீரென்று அணைந்த கணினியும் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே தெரிந்துகொண்டிருக்கும்!

இந்த ஏற்பாடு எஸ்எம்பி1 என்ற பழைய நெறிமுறையை நம்பியிருந்தது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் அதன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி1-ஐக் கைவிடச் சொல்லிவந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பைப் புதிதாக நிறுவியவர்களுக்கு எஸ்எம்பி1 சர்வர் கிடைக்கவில்லை. பழைய பட்டியலும் அதோடு போயிற்று. பட்டியல் வேண்டும் என்பதற்காக எஸ்எம்பி1-ஐத் திரும்ப இயக்கச் சொல்லும் யோசனையை இன்றும் சிலர் தருகிறார்கள். கேட்காதீர்கள்.

இப்போது அந்த வேலையைச் செய்வது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி. ‘யார் இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வி 239.255.255.250 என்ற பொது முகவரிக்குப் போகும்; இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். தலைவர் கிடையாது. பதில் வர வேண்டுமானால், பகிரும் கணினியில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ சேவை ஓட வேண்டும், நெட்வொர்க் ‘பிரைவேட்’ என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

ஆப்பிள் இதே வழிக்கு 2002-லேயே வந்துவிட்டது. இன்று போன்ஜோர் எனப்படும் அந்த ஏற்பாட்டில் ஒரு கணினி தனக்குப் பெயர் சூட்டிக்கொள்ளும் முன், அந்தப் பெயர் வேறு யாருக்காவது உண்டா என்று கால் விநாடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். இருந்தால் வேறு பெயர் தேடிக்கொள்ளும். போன் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

இந்தக் கேள்விகள் சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டுவதில்லை. தனி நெட்வொர்க்காகப் பிரிக்கப்பட்ட ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கும் போனுக்கு, பக்கத்து மேசை பிரிண்டர் தெரியாமல் போவது அதனால்தான்.